பன்னிரண்டு மணி நேரப் பகல்

கவுஞ்சி விலக்கு தாண்டி,
கேரட் காட்டுக்கு மேலே,
எட்டடிக் கம்பிவேலிக்குள் அரை ஏக்கர்.
வாசல் பலகையில் மூன்று மொழியில் எழுதியும்
நம்பாதவர்களே அதிகம்:
இது நாருக்கான கஞ்சா. போதை கிடையாது.

படித்துவிட்டுத்தான் வேலி ஏறினார்கள்
கோயம்புத்தூர்ப் பையன்கள் மூவர்.
இலையை உருட்டி இழுத்து
இரவெல்லாம் இருமி
விடிந்ததும் என்னிடமே வந்து
தலைவலி மாத்திரை கேட்டார்கள்.
பதிவேட்டில் எழுதினேன்:
செடி ஏழு சேதம். காரணம்: ஏமாற்றம்.

முதல் வருஷம் வந்தது
ராப் பத்து மணிக்கும் வெளிச்சம் நிற்கும்
ஏதோ தேசத்து விதை.
இங்கே ஆறரைக்கெல்லாம்
மலை விளக்கை அணைத்துவிடுமே.
பகல் குறைந்துபோச்சு, குளிர்காலம் வந்தாச்சு என்று
பதறி,
முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது.
ஆளுக்கு மேல் வளருமென்று
ஏணி வாங்கி வைத்திருந்தோம்.
நளினாட்சி மேடம் குனிந்து
ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்:
"இது மேல தப்பில்ல.
இதுக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான்."
அந்த ஏணியில் ஏறி நான் பிளம்ஸ் பறித்தேன்.

இரண்டாம் விதை நம் பகலை அறிந்தது.
நெருக்கி விதைத்தோம்,
கிளை விட இடமில்லாமல், மேலே போவதைத் தவிர
வேறு வழி வைக்காமல்.
நாற்பதாம் நாள் என் தோள்.
எழுபதாம் நாள் வேலி.
அப்புறம் மஞ்சு இறங்கும் சாயங்காலங்களில்
உள்ளே போனவர்களின்
குரல் மட்டும்தான் வெளியே வந்தது.

ஆண்செடி முந்தி முதிரும்.
மகரந்தம் பறந்த மறுவாரமே
மஞ்சள் பூத்து நிற்கும்,
கூலி வாங்கியும் வீட்டுக்குப் போகாத ஆள் மாதிரி.
அதன் நார்தான் ரொம்ப மென்மை என்றேன்.
பிடுங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
கொம்பையம்மா மட்டும் சிரிக்காமல்,
"செத்தப்புறமாச்சும் மெத்துனு இருக்கட்டும்" என்றாள்.

அறுத்த தண்டைத் தரையில் பரப்பினோம்.
ஊறப்போடக் குளம் தேவையில்லை,
மன்னவனூர்ப் பனி போதும்.
ராத்திரி நனைக்கும், பகல் காய்ச்சும்,
இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
தண்டின் பசையைத் தின்று தீர்க்கும்.
மூன்று நாளைக்கு ஒரு புரட்டு.
ஒரு நாள் முந்தினால் சக்கை விடாது,
ஒரு நாள் பிந்தினால் நாரே இருக்காது.
மூக்கால்தான் நாள் பார்ப்பேன்:
ஈரச் சாக்கு வாசம்,
பிறகு காளான்,
பிறகு ஒரு காலையில் எதுவுமே இல்லை.
அன்றைக்கு அள்ள வேண்டும்.

இருளப்பன் ஏட்டு வெள்ளிதோறும் எண்ண வருவார்.
நின்றபோது செடியை எண்ணினார்,
அறுத்த பின் தாளை எண்ணினார்,
இப்போது கட்டுகளை.
ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் போதை கூடாது
என்பது அனுமதிக் கடிதம்.
மாதிரி எடுத்துப் பொட்டலம் போட்டோம்.
அரக்கு இருந்தது. நூல் தீர்ந்திருந்தது.
காலடியில் கிடந்த நாரை முறுக்கி
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
ஏட்டு இழுத்தார்.
தம் கட்டி இன்னொரு தரம் இழுத்தார்.
விரலில் சிவப்பாய்க் கோடு விழுந்தது.
"குத்தவாளியை வச்சே கட்டிட்டியேம்மா,
ரூபாவதி" என்றார்,
விரலை ஊதிக்கொண்டே.

முடிவு இன்னும் வரவில்லை.
நாலு என்று வந்தால்
அத்தனையும் எரிக்க வேண்டும்,
அதற்கும் பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது.
மூன்று என்றால்
திருப்பூரிலிருந்து லாரி வரும்.
கொட்டகைக்குள்
வெளிறிய தலைமுடி போல் தொங்குகிறது
எரியவும் உடுத்தவும் தயாரான ஒன்று.

இன்றைக்கு வெள்ளி.
ஏட்டு வந்துபோன வண்டியில்
ஆடிக்கொண்டிருந்த நம்பர் பலகை
இப்போது ஆடவில்லை.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
எடை போட்டு எழுதினேன்:
நார், பன்னிரண்டு கிராம் குறைவு.
காரணம்: ஈரம் காய்ந்தது.